ஹேட் போர்டுகளை அடுக்குவது எப்படி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் மேல் எத்தனை ஹேட் போர்டு (கூடுதல் வசதி தரும் துணைப் பலகை) ஏற்றினாலும், எல்லாவற்றுக்கும் சேர்த்து இருப்பது அதே 40 பின்கள்தான். செருகி நின்றுவிட்டது என்பதால் வேலை செய்யும் என்று ஆகாது. அதனால் முதல் வேலை காகிதத்தில்.

படி 1: பின் பட்டியல். ஒவ்வொரு போர்டும் எந்த ஜிபிஐஓ (நிரலால் இயக்கும் பின்) எண்களை எடுக்கிறது என்று எழுதுங்கள். ஐ2எஸ் (டிஜிட்டல் ஒலி இணைப்பு) ஆடியோ போர்டு 18, 19, 21-ஐ எடுக்கும். 18-இல் ஃபேன் ஓட்டும் போர்டை அதனுடன் சேர்க்க முடியாது. எஸ்பிஐ 0 என்ற தரவு இணைப்புக்கு வழக்கமாகக் கிடைப்பது, எந்தப் போர்டுடன் பேசுவது என்று தேர்ந்தெடுக்கும் இரண்டே செலக்ட் பின்கள்: 8, 7. ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பின் 2, 3 பின்களைப் பல போர்டுகள் பகிரலாம்.

படி 2: ஐ2சி முகவரி. ஒரே பின்களைப் பகிரும் சிப்களைப் பிரித்தறிய ஒவ்வொன்றுக்கும் இருக்கும் எண்தான் இது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சர்வோ (கோணம் திருப்பும் சிறு மோட்டார்) ஓட்டும் பிசிஏ9685 சிப், மின்னோட்டம் அளக்கும் ஐஎன்ஏ219 இரண்டுக்கும் ஆரம்ப முகவரி ஹெக்ஸ் (16 அடிமான எண்) 40. இரண்டையும் அப்படியே அடுக்கினால் இணைந்துள்ள முகவரிகளைக் காட்டும் ஐ2சிடிடெக்ட் கட்டளையில் ஒரே ஒரு 40 தெரியும், அளவுகள் தாறுமாறாக வரும். ஒன்றில் முகவரி மாற்றும் ஏ0 ஜம்பரைச் சால்டர் வைத்து இணைத்தால் அது 41 ஆகிவிடும். கூடவே 70 தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது எல்லா பிசிஏ9685-களையும் சேர்த்து அழைக்கும் பொது முகவரி. டிஎஸ்3231 கடிகாரத்தின் 68-ஐ மாற்றவே முடியாது. அசைவு அளக்கும் எம்பியு6050-உம் 68 என்பதால் அதைத்தான் 69-க்கு நகர்த்த வேண்டும். முகவரி மாற்ற வழியில்லாத போர்டு விலை குறைவாக இருந்தாலும் அடுக்குக்கு ஏற்றதல்ல.

படி 3: மின்சாரம். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போதும். ஆனால் சர்வோ, மோட்டாருக்கு அதிலிருந்து எடுக்காதீர்கள். சர்வோ இழுக்கும் நொடியில் வோல்ட் சரிந்து பை ரீபூட் ஆகும். தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் இணையுங்கள்.

படி 4: உயரம். நீளப் பின் கொண்ட ஸ்டாக்கிங் ஹெடர் (பின் வரிசை) இல்லாத போர்டுக்கு மேல் எதுவும் ஏறாது. அதற்கு உச்சிதான் இடம். போர்டுகளுக்கு நடுவே எம்2.5 ஸ்பேசர் (தாங்கும் சிறு தூண்) போடுங்கள். பை 5-இல் ஆக்டிவ் கூலர் (விசிறியுள்ள குளிர்விப்பான்) இருந்தால் 16 மில்லிமீட்டர் உயர ஸ்பேசர் எடுங்கள்.

படி 5: ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மின்சாரத்தை நிறுத்தி ஒரு போர்டைச் செருகி, முகவரி தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. ஒரு வரிசை தள்ளிச் செருகினால் 5 வோல்ட் தவறான பின்னில் பாய்ந்து பையே போய்விடும். ஆகவே ஆன் செய்யும் முன் ஹெடரின் இரு முனைகளையும் பக்கவாட்டில் பாருங்கள்: வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பின்கூட நிற்கக் கூடாது.