நாய்க்கடிக்கு இழப்பீடு கேட்பது எப்படி: காயம் கழுவுவதிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வரை

நாய்க்கடிக்கு இழப்பீடு கேட்பவர் நிரூபிக்க வேண்டியவை மூன்று. கடித்தது இந்த நாய்தான், அதற்குப் பொறுப்பு இவர்தான், இத்தனை செலவும் வேதனையும் அந்தக் கடியால் வந்தவைதான். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கோரிக்கை நிற்காது. கீழே வரும் வேலைகள் எல்லாம் இந்த மூன்றையும் இறுக்கிக் கட்டத்தான்.

1. முதலில் காயம்

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மனக்கணக்கில் 15 நிமிடம் என்பது பெரும்பாலும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பொடி, எண்ணெய், பச்சிலை எதையும் அப்ப வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் உள்ள நாடுகளில், பல் தோலைத் துளைத்திருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது மூன்றாம் வகைக் கடி. இதற்கு முன் ரேபிஸ் தடுப்பூசி போடாதவருக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) போட வேண்டும். டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கையில் விழுந்த கடி வெளியே சின்னத் துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கும், சீக்கிரம் சீழ் பிடிக்கும்.

இதில் சட்ட விஷயமும் இருக்கிறது. சிகிச்சையைத் தள்ளிப் போட்டாலோ தடுப்பூசித் தவணையைத் தவறவிட்டாலோ, "புண் முற்றியது அவருடைய அலட்சியத்தால்தான்" என்று எதிர்த்தரப்பு வாதிடும். மருத்துவரிடம் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, யார் வீட்டு நாய், எப்படிப் பாய்ந்தது. ஓ.பி. சீட்டில் "நாய்க்கடி" என்றும் நீங்கள் சொன்ன விவரமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். அவசரத்தில் "கீழே விழுந்து காயம்" என்று பதிவாகிவிட்டால், பின்னால் அதை மாற்றப் படும்பாடு கொஞ்சமல்ல.

2. நாயையும் ஆளையும் அடையாளம் காணுங்கள்

வளர்ப்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், நாயின் தடுப்பூசி அட்டை, உரிம எண் அல்லது மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) விவரம் வாங்கிக்கொள்ளுங்கள். நாயை அடித்துக் கொல்ல விடாதீர்கள். பத்து நாள் கண்காணிப்பில் அது நோயில்லாமல் இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று உறுதியாகும். அதுவரை சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

கயிற்றைப் பிடித்து வந்தவர்தான் சட்டப்படி பொறுப்பாளி என்று முடிவுகட்ட வேண்டாம். சொந்தக்காரர், தன்னிடம் வைத்து வளர்ப்பவர், காவல் நாய் வைத்திருக்கும் நிறுவனம் என்று பலர் இதற்குள் வரலாம். இங்கிலாந்தில் நாயை வைத்திருப்பவர் 16 வயதுக்குக் குறைந்தவர் என்றால், குடும்பத் தலைவரே பொறுப்பாளராகக் கருதப்படுவார்.

3. ஆதாரம் சேர்ப்பது

காயத்தின் அருகே ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கழுவிய பிறகு ஒன்று, இரண்டு மூன்று நாள் கழித்துக் கன்றிப்போன இடம் நன்றாகக் கறுத்த பிறகு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று. கிழிந்த துணியைத் துவைக்காமல் உலரவிட்டுக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். சிசிடிவி இருந்தால் அன்றே எழுத்து மூலம் கேளுங்கள், ஏனென்றால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பார்த்தவர்களின் பெயரும் எண்ணும் வேண்டும். காவல் நிலையத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ புகார் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்குங்கள்.

நாய்க்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். இதை நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. கோபம் தணிந்திருக்கும்போது அவரே, "மன்னிச்சிடுங்க, போன வருஷம் பால்காரரையும் இப்படித்தான் கடிச்சிட்டான்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடும். அந்த ஒரு வரி வழக்கின் போக்கையே மாற்றும். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

4. எந்த விதி உங்களுக்குப் பொருந்தும்?

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். நாய்க்கடிச் சட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் போகின்றன.

முதல் வழியில், நாய் உங்களுடையது என்றாலே பொறுப்பும் உங்களுடையது. அது இதற்கு முன் யாரையும் கடித்ததில்லை என்ற சமாதானம் எடுபடாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சிவில் சட்டம் 3342-ஆம் பிரிவு இப்படிப்பட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள நாய் உரிமையாளர் பொறுப்புச் சட்டமும் அப்படியே. ஆனால் ஒரு நுணுக்கம்: கலிபோர்னியப் பிரிவு கடியை மட்டுமே பேசுகிறது, ஒன்டாரியோ சட்டம் கடியோடு தாக்குதலையும் சேர்க்கிறது. நாய் பாய்ந்து சைக்கிளிலிருந்து தள்ளிக் கை முறிந்தது, பல் படவில்லை என்றால், ஒன்டாரியோவில் அந்தச் சட்டத்தின்கீழேயே கேட்கலாம். கலிபோர்னியாவில் அலட்சியத்தை நிரூபிக்கும் வேறு வழியில் போக வேண்டும்.

இரண்டாம் வழியில், நாயின் ஆபத்தான குணம் வளர்ப்பவருக்குத் தெரிந்திருந்தது என்றோ, அவர் அலட்சியமாக இருந்தார் என்றோ நீங்கள் காட்ட வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் இந்த வகை. இங்கிலாந்தின் 1971-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டமும் நாயின் குணத்தையும், அது வளர்ப்பவருக்குத் தெரியுமா என்பதையும் பார்க்கிறது. எப்போதும் சாதுவாக இருந்து, குட்டி போட்ட சமயத்தில் மட்டும் சீறும் நாயும் இதற்குள் வரும். ஆனால் அப்படிச் சீறும் என்று வளர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பால்காரர் பற்றிய வாட்ஸ்அப் வரி இந்த இடத்தில்தான் பேசும்.

குற்ற வழக்கையும் இழப்பீட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தியாவின் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி, விலங்கை அலட்சியமாக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதம் பொதுவாக அரசுக்குப் போகிறது. உங்கள் மருத்துவச் செலவைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

தெருநாய் என்றால் பார்வை உள்ளாட்சி, அரசு பக்கம் திரும்பும். 2023-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 செ.மீ. காயத்துக்கும் குறைந்தது 20,000 ரூபாய் என்று அளவு வகுத்தது. அளவுகோலோடு படம் எடுக்கச் சொன்னது வெறும் சம்பிரதாயத்துக்காக இல்லை.

5. எதிர்த்தரப்பு என்ன சொல்லும்?

அத்துமீறி உள்ளே நுழைந்தார், நாயைச் சீண்டினார், எச்சரிக்கைப் பலகையைக் கவனிக்கவில்லை. இவை எடுபட்டால் தொகை குறையும், சில இடங்களில் கோரிக்கையே போய்விடும். அங்கே எதற்காகப் போனீர்கள் என்பதற்கு ஆதாரம் வையுங்கள்: டெலிவரி ஆர்டர், அழைப்புச் செய்தி, வேலைச் சீட்டு. பலகை மாட்டிவிட்டதாலேயே வளர்ப்பவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. சில நேரம் நாய் ஆபத்தானது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அந்தப் பலகையே சாட்சியாகிவிடும்.

6. தொகையைக் கணக்கிடுதல்

மருத்துவ ரசீது, போக்குவரத்து, இழந்த சம்பளம், கிழிந்த துணி, உடைந்த கண்ணாடி. இவை எளிது. வலி, தூக்கமின்மை, நாயைக் கண்டாலே வரும் நடுக்கம் ஆகியவற்றுக்குத் தினம் இரண்டு வரி தேதியோடு எழுதி வையுங்கள்.

தழும்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தழும்பு முதிர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகலாம். அதைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சை தேவையா என்பது பெரும்பாலும் அதன் பிறகே தெளிவாகும். முதல் மாதத்திலேயே கைநிறையக் காசு நீட்டி "முழுத் தீர்வு" என்று கையெழுத்துக் கேட்டால், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். குறிப்பாக முகக் காயம் என்றால் மருத்துவரின் எழுத்து மூலமான கருத்து வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

7. நோட்டீஸும் காலக்கெடுவும்

நாய்க்காரரிடம் வீட்டுக் காப்பீடோ செல்லப்பிராணிக் காப்பீடோ இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் மூன்றாம் தரப்பு பொறுப்பு (பிறருக்கு நேர்ந்த பாதிப்புக்கான இழப்பீடு) இருந்தால் பணம் அவர் பையிலிருந்து போகாது, அதனால் அவரும் இறங்கி வருவார். பிறகு தேதி, இடம், காயம், செலவுப் பட்டியல், கேட்கும் தொகை, பதிலுக்கான கெடு ஆகியவற்றோடு நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் மூலம் போனால் நல்லது.

கலிபோர்னியாவிலும் ஒன்டாரியோவிலும் வழக்குத் தொடர பொதுவாக 2 ஆண்டு, இங்கிலாந்தில் 3. எதிரே நிற்பது அரசு அமைப்பு என்றால் கெடு இன்னும் குறையலாம். கலிபோர்னியாவில் 6 மாதத்துக்குள் முதலில் அந்த அமைப்பிடமே கோரிக்கை வைக்க வேண்டும். கடிபட்டது குழந்தை என்றால், இங்கிலாந்தில் அந்த மூன்றாண்டு 18 வயதிலிருந்துதான் ஓடத் தொடங்கும். குழந்தைக்காகப் பெற்றோர் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதலும் வேண்டும்.