சந்தியில நிண்டு வாகனம் எண்ணுறது எப்படி: புதுசா தொடங்குறவங்களுக்கு

பள்ளிக்கூடத்துக்கு முன்னால பாதசாரிக் கடவை வேணும், சந்தியில சிக்னல் வேணும் எண்டு திருகோணமலையில எத்தனையோ பேர் கடிதம் எழுதுறாங்க. அதோட ஒரு பக்கம் எண்ணிக்கையும் சேர்த்துக் குடுத்துப் பாருங்க, "பார்ப்பம்" எண்டு சொல்லி அனுப்புறது லேசில்ல. இதுக்கு மெஷின் ஒண்டும் தேவையில்ல, கொப்பி, பேனை, மணிக்கூடு போதும்.

முதல்ல எதுக்காக எண்ணுறீங்க எண்டு முடிவெடுங்க. கடவை கேக்குறதெண்டா ரெண்டு பக்கமும் போற வாகனத்தோட ரோட்டைக் கடக்குற ஆக்களையும் எண்ணணும். அநுராதபுரச் சந்தி மாதிரி பல ரோட்டு சேருற இடமெண்டா ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு ஆள் நிண்டு, அதால வாற வாகனம் இடப்பக்கம் திரும்புதா, நேர போகுதா, வலப்பக்கம் திரும்புதா எண்டு பிரிச்சு எழுதணும், ஒரு ஆளால இது ஏலாது.

அடுத்தது நாள். சாதாரண நாள் எப்படி எண்டு பார்க்க செவ்வாய், புதன், வியாழன்தான் நல்லம். போயா (பௌர்ணமி லீவு), பள்ளிக்கூட லீவு, கோணேசர் கோயில் திருவிழா நாள் வேண்டாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கமெண்டா வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் ரோட்டே வேற மாதிரி இருக்கும். நிலாவெளி ரோட்டுல ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கடற்கரைக்கு வாற சனத்தால சனி ஞாயிறு கூடிரும், அதைத்தான் காட்டணும் எண்டா அந்த நாளையே எடுங்க, ஆனா எந்த நாள், மழையா வெயிலா எண்டு தாள்ல மேல எழுதாம விடாதீங்க. பள்ளிக்கூடப் பிரச்சினையெண்டா காலையில 6.30ல இருந்து 8 மணி, பிறகு 1 மணியில இருந்து 2 மணி வரைக்கும் நிண்டா முக்கியமானது கிடைச்சிரும்.

இப்ப தாள், இதுலதான் கவனம் வேணும். மேல மோட்டசைக்கிள், ஆட்டோ, கார் வேன், பஸ், லொறி, லேண்ட்மாஸ்டர் டிராக்டர், சைக்கிள் எண்டு கட்டம் போடுங்க, இடப்பக்கம் 15 நிமிஷத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கோடு, அஞ்சாவதை குறுக்கால இழுத்துக் கட்டுங்க. எதிர்ல ஒரு லைட் போஸ்டைக் குறியா வச்சு அதைத் தாண்டுறதை மட்டும் எண்ணுங்க, ஓரத்தில நிக்கிற ஆட்டோ கணக்கில்ல. எல்லாத்தையும் ஒரே மொத்தமா போட வேண்டாம், நம்மட ரோட்டுல மோட்டசைக்கிள் நிறைய, அதுவும் பஸ்ஸும் ஒரே அளவா இடம் பிடிக்கிறதில்லத்தானே.

ஏன் 15 நிமிஷம் எண்டா, ஒரு மணித்தியாலத்துக்குள்ளயே நெரிசல் ஒரே மாதிரி இருக்காது. உதாரணத்துக்கு நாலு வரியில 80, 120, 140, 100 வந்துது எண்டு வைங்க, மொத்தம் 440. கூடின வரியை நாலால பெருக்கினா 560. 440ஐ 560ஆல பிரிச்சா கிட்டத்தட்ட 0.79, இதைத்தான் பீக் அவர் ஃபேக்டர் எண்டு சொல்றது. 1க்குக் கிட்ட வந்தா ஒரே சீரா ஓடுது, குறையக் குறைய கொஞ்ச நேரத்துக்குள்ள குவியுது எண்டு அர்த்தம். பள்ளிக்கூடம் விடுற நேரத்து ஆபத்தைக் காட்ட இதைவிட நல்ல இலக்கம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

வேகமும் வேணுமெண்டா டேப்பால 50 மீட்டர் அளந்து ரெண்டு முனையிலயும் அடையாளம் வைங்க. வாகனம் ரெண்டையும் தாண்ட எடுக்கிற செக்கனை ஃபோன் ஸ்டொப்வொச்சில பிடிங்க, 180ஐ அந்த செக்கனால பிரிச்சா மணிக்கு எத்தனை கிலோமீட்டர் எண்டு வந்திரும். 3.6 செக்கன் எண்டா 50. ஆனா மறைவா நில்லுங்க, ஆள் நிக்கிறதைக் கண்டாலே பிரேக் போடுவாங்க.

தனியா நிக்கிறவங்க ஃபோன்ல வீடியோ எடுத்து வீட்டுல வச்சு மெதுவா எண்ணலாம், பிழையும் குறையும். வாகனம் எண்ணுறதுக்கெண்டு ரோட்டுக்குக் குறுக்க போடுற ரப்பர் டியூப் சில்லு ஏறுறதைத்தான் எண்ணும், அதால பெரிய லொறியை ரெண்டு வாகனமா எடுக்கவும் கூடும். ஃபோன் மேப்பில வாற சிவப்புக் கோடு வேகம் குறைஞ்சதைத்தான் காட்டும், எத்தனை வாகனம் எண்டு சொல்லாது.

ஏ, பி தரப் பெரிய ரோட்டெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குக் கீழ, அதால கண்டி ரோட்டு, நிலாவெளி ரோட்டுக் கணக்கை அங்க குடுங்க. கோடு போட்ட அசல் தாளை நீங்க வச்சுக்கொண்டு, போட்டோகொப்பியைக் கடிதத்தோட இணைச்சு, குடுத்த திகதியை எழுதி ஒப்பம் வாங்குங்க.