எண்ணெயில் பிரியும் அதிரசம்: தவறு நடந்தது எங்கே?

சட்டியில் போட்ட அதிரசம் உதிர்ந்து, பொடிப்பொடியாக எண்ணெய் முழுக்க மிதந்தால் முதலில் தீயைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தீ காரணமாக இருக்காது. இரண்டு நாளைக்கு முன்பே, அரிசி உலர்த்திய வேட்டியிலோ பாகு காய்ச்சிய பாத்திரத்திலோ அந்தத் தவறு நடந்திருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. தீபாவளி வருவது ஐப்பசி அடைமழையில். காற்றே ஈரமாக இருக்கும் நாளில் கடிகாரத்தைப் பார்த்து அரிசி உலர்த்தினால் மாவு கெட்டுப்போகும்.

அளவு இது: மாவுப் பச்சரிசி 1 கிலோ, வெல்லம் 750 கிராம், பாகுக்குத் தண்ணீர் 200 மில்லி, ஏலக்காய் 10, சுக்குப்பொடி 1 தேக்கரண்டி, எள் 2 தேக்கரண்டி, நெய் 2 மேசைக்கரண்டி. பாட்டி காலத்திலிருந்து படிக்கணக்கில் செய்யும் வீடுகள் உண்டு. அரிசிக்குப் படி சரிதான். வெல்லத்தைப் படியில் அளக்காதீர்கள். நைத்த பக்குவத்தைப் பொறுத்து ஒரே படியில் எடை மாறும். எடை போட்டே எடுங்கள்.

புழுங்கல் அரிசியும் இட்லி அரிசியும் ஆகாது. கடையில் பாக்கெட்டில் வரும் பச்சரிசி மாவும் ஆகாது. அது காய்ந்த மாவு. பாகில் இருக்கும் கொஞ்ச நஞ்சத் தண்ணீரையும் அது இழுத்துக்கொள்ளும், அதிரசம் ஓடு மாதிரி விறைத்துப்போகும். ஈர மாவில் தேவையான தண்ணீர் முன்பே உள்ளே இருப்பதால்தான் கடித்தால் மெத்தென்று இருக்கிறது.

அரிசியைக் களைந்து 2 மணி நேரம் ஊறவிட்டால் போதும். இரவு முழுக்க ஊறினால் புளிப்பு வாடை வரும். வடிகட்டியில் தண்ணீர் சொட்டுவது நின்றதும் வெள்ளை வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயில் கூடாது, மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். சித்திரையில் 20 நிமிடத்தில் உலர்வது ஐப்பசியில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கைதான் கணக்கு: ஒரு பிடி அள்ளி இறுக்கித் திறந்தால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும், நாலைந்து அரிசி ஒட்டி நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. சலசலவென்று உதிர்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறி 10 நிமிடம் மூடி வையுங்கள்.

அரைவை மில்லுக்குக் கொண்டுபோனால் ஈர மாவு என்று சொல்லிக் கொடுங்கள். முன்னால் மிளகாய் அரைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மிக்ஸியில் அரைத்தால் சிறிது சிறிதாக அரைத்துச் சலித்து, கப்பியை மறுபடி அரையுங்கள். நொய் கலந்தால் அந்த இடத்தில் விரிசல் விட்டு எண்ணெய் புகும். அரைத்த மாவை ஈரத்துணி போட்டு மூடி, அன்றைக்கே பாகில் கொட்டிவிட வேண்டும்.

இனி பாகு. பளிச்சென்ற மஞ்சளில் மயங்க வேண்டாம். கொஞ்சம் கறுத்த, உடைத்தால் கரகரப்பாக உடையும் பாகு வெல்லமே தேவை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் வீரமாங்குடி அச்சு வெல்லம் கிடைத்தால் நல்லது. கசகசத்து நீர் விட்ட வெல்லத்தை இதற்கு எடுக்காதீர்கள். அதில் சர்க்கரையின் ஒரு பகுதி உடைந்து, ஈரத்தை இழுக்கும் வகையாக மாறியிருக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகுவது சிரமம். நல்ல வெல்லமானாலும் கரைத்து வடிகட்டாமல் விடக் கூடாது, மண்ணும் சக்கையும் இருக்கும்.

கொதி வந்ததும் அடுப்பை விட்டு நகராதீர்கள். தட்டில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விடுங்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. கம்பியாக நின்று உருட்ட வராவிட்டாலும் ஆகவில்லை. இந்த இடத்தில் இறக்குகிறவர்கள்தான் அதிகம், எண்ணெயில் பிரிவதும் இந்த அதிரசம்தான். விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு, தட்டில் வைத்ததும் லேசாக அமுங்க வேண்டும். அதுதான் உருட்டுப் பதம். வெப்பமானி இருந்தால் 112 முதல் 115 டிகிரி செல்சியஸ். உருண்டையைத் தட்டில் போட்டு ‘டங்’ என்று கேட்டால் அது கடலை உருண்டைப் பதம், தாண்டிவிட்டது. அப்போது பயப்படாமல் கால் டம்ளர் வெந்நீர் விட்டு மறுபடி காய்ச்சிப் பதம் பிடிக்கலாம். மாவு கொட்டிய பிறகு அந்த வசதி இல்லை.

பதம் வந்ததும் இறக்கி, ஏலம், சுக்கு, எள் போட்டு, மாவைக் கை கையாகத் தூவிக் கிளறுங்கள். பாகை மாவில் ஊற்றக் கூடாது. மாவு முழுவதையும் போட்டே தீருவது என்று பிடிவாதமும் வேண்டாம். இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும்போதே நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு போல இறுகும்வரை போட்டால் மறுநாள் கல்லாக இருக்கும், ஏனென்றால் ஆற ஆற மாவு பாகை இழுத்துக்கொள்ளும். மேலே நெய் தடவி, துணி கட்டி, குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். அன்றைக்கே சுட்டால் பதம் சரியாக இருந்தாலும் உதிரும்.

பெரிய சட்டி வைக்கும் முன் ஒன்றே ஒன்று சுட்டுப் பாருங்கள். கேதார கௌரி நோன்புக்குச் சுடுகிறவர்கள் படைப்பதற்கு முன் வாயில் வைக்க மாட்டார்கள். பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரிந்தால், மீதி வைத்த ஈர மாவை ஒரு பிடி சேர்த்துப் பிசைந்து சில மணி நேரம் விடுங்கள். விறைத்தால் வெதுவெதுப்பான பாலைக் கைகளில் தொட்டுத் தொட்டுப் பிசையுங்கள். நோன்புக்கு 21 எண்ணி வைக்க வேண்டியிருப்பதால் நாலைந்து கூடுதலாகத் தட்டுவது நல்லது.

எலுமிச்சை அளவு உருண்டையை எண்ணெய் தொட்ட வாழையிலையில் கால் அங்குல கனத்துக்குத் தட்டுங்கள். ஓரம் மெலிந்தால் நடு வேகுமுன் ஓரம் கருகும். கடலை எண்ணெய் புகையக் கூடாது. ஒரு துளி மாவு போட்டால் அடியில் போய் நிதானமாக மேலே வர வேண்டும். வெல்லம் சீக்கிரம் கறுக்கும் என்பதால் மிதமான தீயே. அதிரசம் தானாக மேலே எழும்வரை கரண்டி படக் கூடாது. ஒரே தரம் திருப்பி, செம்பழுப்பில் எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்துச் சூட்டோடு அழுத்துங்கள். ஆறிவிட்டால் எண்ணெய் வெளியே வராது.

சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாகச் சூட்டோடு டப்பாவில் அடுக்கினால் வியர்த்து, மழைக்காலத்தில் மூன்றாம் நாளே பூசணம் பூக்கும். தட்டில் பரப்பி ஓர் இரவு ஆறவிடுங்கள். மறுநாள்தான் மெதுவும் வாசமும் சரியாக வரும். மாவு மீந்தால் குளிர்பெட்டியில் வையுங்கள். எடுத்ததும் இறுகியிருக்கும், வெளியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பிசைந்த பிறகு சுடுங்கள்.