கடப்பாரை, ஜாக்கி, மரக்கட்டை: 1940 லண்டன் மீட்புக் குழுக்களின் கருவிகளைக் கையாளும் முறை

இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் 7 முதல் தொடர்ந்து 57 இரவுகள் லண்டன் மீது ஜெர்மன் விமானங்களின் குண்டு விழுந்தது. இடிபாட்டுக்குள் புகுந்து ஆட்களை மீட்டவர்களின் தலைக்கவசத்தில் 'ஆர்' (ரெஸ்க்யூ, அதாவது மீட்பு) என்ற எழுத்து இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் கொத்தனார்கள், தச்சர்கள், கட்டட வேலையாட்கள். வீடு எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அது எப்படி விழும் என்பதும் தெரியும். அவர்களுடைய கருவிகள் எளியவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருந்தது.

முதலில் காது. எல்லா வேலையையும் நிறுத்தச் சொல்லுங்கள், லாரி எஞ்சின் உட்பட. இடிபாட்டைச் சுற்றி ஆட்களை நிறுத்தி, ஒவ்வொருவராகக் குரல் கொடுக்க வையுங்கள். ஒருவர் அழைத்ததும் மற்றவர்கள் மூச்சடக்கிக் கேட்க வேண்டும். தண்ணீர்க் குழாய் தெரிந்தால் அதில் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். இரும்பு வழியாக ஒலி வெகுதூரம் வரும். தேடும் இடங்களில் மாடிப்படிக்கு அடிப்பகுதி முதன்மையானது. 1941 முதல் மாரிசன் காப்பு மேசையையும் தேடினார்கள். ஆறரை அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி உயரம் உள்ள எஃகு மேசை அது; குண்டு விழும்போது வீட்டார் அதன் அடியில் புகுந்துகொள்வார்கள். வீடு முழுவதும் மேலே விழுந்தாலும் பல நேரம் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

லண்டன் செங்கல் வீடுகளின் தளம் மரத்தால் ஆனது. ஒரு பக்கச் சுவர் போனால் தளத்தின் அந்த முனை மட்டும் கீழே இறங்கும், மறுமுனை சுவரிலேயே தொங்கும். அடியில் முக்கோண இடைவெளி கிடைக்கும். உயிரோடு ஆள் இருக்க வாய்ப்புள்ள இடம் அதுதான். அதனால் சாய்ந்த தளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். பக்கவாட்டில் இருந்து நுழையுங்கள்.

தூக்கும் வேலைக்குக் கடப்பாரையும் நீண்ட மரக் கழியும் போதும். 10 அடிக் கழியில் சுமையிலிருந்து 1 அடி தள்ளித் தாங்குகட்டையை வைத்தால் விசை 9 மடங்காகும். 50 கிலோ அழுத்தத்தில் 450 கிலோ எழும்பும். ஆனால் சுமை 1 அங்குலம் உயர, கை 9 அங்குலம் இறங்க வேண்டும். தாங்குகட்டை உறுதியான மரமாக இருக்கட்டும். செங்கல்லை வைத்தால் அது நடுவில் நொறுங்கி, சுமை வந்த இடத்துக்கே திரும்ப விழும். தாங்குகட்டைக்குக் கீழே யாராவது சிக்கியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிட்டே வையுங்கள். கழியின் மேல் கால் போட்டு உட்கார்ந்து அழுத்தவே கூடாது. சுமை நழுவினால் கழி எகிறி ஆளைத் தூக்கி எறியும்.

ஜாக்கிக்கு இடைவெளி குறைவாக இருந்தாலும் போதும். அதைக் குப்பைமேட்டில் நேரடியாக வைத்தால் சுமை எழும்பாது, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும். அடியில் தடித்த பலகை போடுங்கள். இரும்பு உத்தரத்தைத் தூக்கும்போது ஜாக்கியின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு வேண்டும்; இரும்பும் இரும்பும் தொட்டால் வழுக்கும். சாய்வாக நிறுத்தினால் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டு வரும்.

இனி முக்கியமான விதி: ஒரு அங்குலம் தூக்கு, ஒரு அங்குலம் கட்டை கொடு. கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கடைசி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளை அடியுங்கள். அடுக்கின் உயரம் அடிப்பக்க அகலத்தின் 3 மடங்கைத் தாண்டக் கூடாது. ஜாக்கி மட்டும் தாங்கும் சுமைக்கு அடியில் கையை நீட்ட வேண்டாம். ஒரு கன அடி செங்கல் சுவர் ஏறத்தாழ 50 கிலோ. எங்களைக் கேட்டால், ஜாக்கி ஒன்று குறைந்தாலும் சமாளிக்கலாம். கட்டையும் ஆப்பும் குறைந்தால் வேலையைத் தொடங்கவே கூடாது.

நிற்கிற சுவர் ஆடுகிறதா? சாய்வு முட்டு கொடுங்கள். 9 அங்குல அகலமும் 3 அங்குலத் தடிமனும் உள்ள பலகையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, அதில் துளையிட்டு ஒரு சிறு கட்டையைச் சுவருக்குள் செருகுங்கள். முட்டின் தலை அந்தக் கட்டைக்கு அடியில் பொருந்தி நிற்கும். தரையோடு 60 முதல் 70 பாகைச் சாய்வு சரி. முட்டு சுவரைத் தொடும் இடம், உள்ளே தளம் வந்து சேரும் மட்டத்தில் இருக்க வேண்டும். தளம் இல்லாத இடத்தில் முட்டினால் சுவர் உள்பக்கமாக வளையும். அடிமுனையைக் கடப்பாரையால் மெல்ல நெம்பி இறுக்குங்கள். சுத்தியலால் அடித்தால் ஏற்கெனவே விரிசல் விட்ட சுவர் அதிர்ந்து விழும். சாய்ந்த சுவரை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே அது நின்றால் போதும்.

கயிறு பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வரும். 3 அங்குல மணிலா கயிறு என்று பழைய கையேடுகள் சொல்வது சுற்றளவை, குறுக்களவை அல்ல. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி 50ஆல் பெருக்கினால் பாதுகாப்பான சுமை ஏறத்தாழ கிலோவில் கிடைக்கும்: 3 அங்குலத்துக்கு 450, 2 அங்குலத்துக்கு 200. முடிச்சு விழுந்த இடத்தில் வலு இன்னும் குறைவு. உடைந்த செங்கல் விளிம்பில் உராயும் இடத்தில் சாக்கை மடித்து வையுங்கள்.

ஆளை நெருங்கியதும் மண்வெட்டியையும் பிக்காசையும் தள்ளிவைத்துவிட்டுக் கையால் அகற்றுங்கள். அகற்றியதைக் கூடையில் போட்டு, வரிசையாகக் கைமாற்றி வெளியே அனுப்புங்கள். சுமை தாங்கும் மரத்தை, முட்டு கொடுக்காமல் வாளால் அறுக்கக் கூடாது. சமையல் வாயுக் குழாய் உடைந்திருந்தால் தீப்பெட்டி, மெழுகுவத்தி எதுவும் வேண்டாம். அக்கால நிலக்கரி வாயுவில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. பொதுமக்களுக்குக் கொடுத்த நச்சுவாயுத் தடுப்பு முகமூடி அதைத் தடுக்காது.

காலோ தொடையோ பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவரைச் சட்டென்று விடுவிக்காதீர்கள். மீட்டபோது தெளிவாகப் பேசியவர்கள் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறப்பதை லண்டன் மருத்துவர் எரிக் பைவாட்டர்ஸ் 1941இல் விளக்கினார். சுமையைத் தூக்கும் முன்பே மருத்துவரை வரவழையுங்கள். திரவம் கொடுப்பதை அவர் முடிவு செய்யட்டும். வயிற்றில் அடிபட்டிருந்தால் குடிக்க எதுவும் தர வேண்டாம்.

ஸ்ட்ரெச்சர் வெளியே போனதும் கருவிகளை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். முட்டுகளையும் கட்டை அடுக்குகளையும் மட்டும் தொடாதீர்கள். அந்த வீட்டில் இன்னும் கணக்கில் வராதவர் இருக்கலாம். அடுத்த குழு உள்ளே போகும்போது அவை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.