டிஸ்சார்ஜ் புக்கில் பேனா வைக்காதீர்கள்: விடுபட்ட மெடலைப் பதிவில் ஏற்றப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பையன் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். மஞ்சள் பையில் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக், பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் சர்வீஸ் விவரப் புத்தகம். "அக்கா, மெடல் பக்கத்தை மட்டும் கலர்ல போட்டுக் குடுங்க" என்றான். பக்கத்தைத் திறந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று வரிகள் பழுப்பேறிய பழைய மையில் இருந்தன. நான்காவது வரி பளிச்சென்ற நீலத்தில் இருந்தது.

"இது யார் எழுதினது தம்பி?"

"நான்தான் அக்கா. மெடல் தாத்தாகிட்ட இருக்கு, புக்ல மட்டும் இல்ல. எழுதும்போது விட்டுட்டாங்க போலன்னு நானே சேர்த்துட்டேன்."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இதே காரியத்தை என் இருபத்திரண்டாவது வயதில், என் அப்பாவின் புத்தகத்தில், நானே செய்திருக்கிறேன்.

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். அதனால் ஜெராக்ஸ் கடை என்று தொடங்கியது, பட்டாளத்துக்காரர்களுக்கு மனு டைப் அடிக்கும் இடமாகிவிட்டது. கையெழுத்து விட்டுப்போவது, நகல் எடுத்து வைக்காமல் ஒரிஜினலைத் தபாலில் அனுப்புவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை. தெரிந்தவர்களே தவறுகிற இடங்கள் வேறு.

எது குறை என்று பார்க்காமல் மனு எழுதுவது

"மெடல் விட்டுப்போச்சு" என்று வருகிறவர்களில் மூன்று வகை உண்டு. மெடல் கையில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை என்பவர் ஒரு வகை. புத்தகத்தில் இருக்கிறது, மெடல் கைக்கு வரவே இல்லை என்பவர் இன்னொரு வகை. இரண்டும் இல்லை, ஆனால் தகுதி இருக்கிறது என்பவர் மூன்றாவது.

முதலாமவர் கேட்க வேண்டியது பதிவைச் சரிபார்த்துத் திருத்தும்படி. இரண்டாமவருக்குப் பதிவில் வேலையே இல்லை, மெடலை வழங்கும்படி கேட்டால் போதும். மூன்றாமவர்தான் எந்த யூனிட்டில், எந்த இடத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்று முழுக்கதையும் நிறுவ வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி "எனக்குரிய எல்லாப் பதக்கங்களையும் வழங்குமாறு" என்று எழுதினால், பட்டாளத்துக்காரர்களின் சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் அதைப் பிரிக்கிற கிளார்க்குக்கு எந்த ஏட்டைப் புரட்டுவது என்றே தெரியாது. எந்த மெடல், என்ன கோரிக்கை என்பதை முதல் பத்தியிலேயே பெயர் சொல்லி எழுதுங்கள்.

புத்தகத்தில் நாமே எழுதிக்கொள்வது

அப்பா 1971 போரின்போது கிழக்கு முனையில் லாரி ஓட்டினார். பதினைந்து வருட சர்வீஸ் முடித்து பென்ஷனோடு வந்தார். டிரங்குப் பெட்டியில், ஒரு பழைய சாக்ஸுக்குள், அவருடைய மெடல்கள் இருந்தன. புத்தகத்தில் சங்க்ராம் மெடல் இருந்தது, இருபத்தைந்தாவது சுதந்திர ஆண்டு மெடல் இருந்தது, ஒன்பதாண்டு நீண்ட சேவை மெடல் இருந்தது. கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கான பூர்வி ஸ்டார் மட்டும் இல்லை. சாக்ஸுக்குள் பூர்வி ஸ்டார் இருந்தது, அதில் அப்பாவின் நம்பரும் பேரும் பொறித்திருந்தது.

பெயர் பொறித்த மெடல் கையில் இருக்கிறது, புத்தகத்தில் ஒரு வரி இல்லை. இதற்கு எதற்கு ஊர் ஊராகக் கடிதம் என்று நினைத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். மேலே இருந்த மூன்று வரிகளின் சாய்வைப் பார்த்து, அதே போல நான்காவது வரியை எழுதினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை விரலால் தடவினார். "சரியா எழுதியிருக்கியாம்மா?" என்று கேட்டார். சரியாக எழுதியிருக்கிறேன் என்றேன்.

பன்னிரண்டு வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை. அப்பா போன பிறகு அம்மாவுக்கு விதவை அடையாள அட்டை வாங்கப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தார். மெடல் பக்கத்தில் நின்றார். புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இந்த வரிக்கு அதிகாரி கையெழுத்து எங்கே?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு வரியை வீட்டில் எழுதியிருக்கிறார்கள் என்றால், மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாம் யார் எழுதியது என்ற சந்தேகம் வருமா வராதா? என் நான்காவது வரி மெடல் பக்கத்தோடு நிற்கவில்லை. அம்மாவின் பெயர் இருந்த பக்கத்தையும் அது சந்தேகத்துக்குள் இழுத்துவிட்டது. புத்தகம் முழுவதையும் ரெக்கார்ட் ஆபீஸ் சரிபார்த்துச் சொல்லும் வரை எதுவும் நகராது என்றார்கள். நான் எழுதியதை நானே ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தேன். பதில் வரப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

வந்த பதிலில் என்ன இருந்தது தெரியுமா? ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும் மூலப்பதிவான அப்பாவின் ஷீட் ரோலில் பூர்வி ஸ்டார் ஏற்கெனவே ஏறியிருந்தது. யூனிட் வெளியிட்ட எந்த பார்ட் டூ ஆர்டரின்படி ஏறியது என்ற எண்ணும் தேதியும் இருந்தன. எழுபதுகளிலிருந்தே அது அங்கே சரியாகத்தான் இருந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது புத்தகம் எழுதியவர் ஒரு வரியைப் படியெடுக்காமல் விட்டிருக்கிறார். ஒரு பக்க மனுவில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நம் வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக் மூலப்பதிவு அல்ல, மூலப்பதிவிலிருந்து எடுத்துக் கொடுத்த சுருக்கம். ஒரு சிப்பாயின் கல்யாணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, மெடல் எல்லாம் அவருடைய யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் வரும். அதை வைத்து ரெக்கார்ட் ஆபீஸில் ஷீட் ரோலில் ஏறும். திருத்தம் நடக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே இருந்தால் இங்கே எழுத அவர்களுக்கு அதிகாரம் உண்டு, நமக்கு இல்லை. அங்கே இல்லையென்றால் இங்கே தங்கத்தால் எழுதினாலும் செல்லாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, அந்தக் காலத்தில் இருந்த யூனிட், பென்ஷன் வாங்குபவரானால் பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) எண் ஆகியவற்றோடு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதுங்கள். மெடல் பக்கத்தின் நகலையும், மெடலில் பெயர் பொறித்த இடத்தைத் தெளிவாக எடுத்த படத்தையும் இணையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் வழியாக, அவர்களுடைய முகப்புக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். ஷீட் ரோலோடு ஒப்பிட்டு டிஸ்சார்ஜ் புக்கைத் திருத்தித் தரவும், அல்லது அத்தாட்சிக் கடிதம் தரவும் கேளுங்கள்.

ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா? அழிக்காதீர்கள், வெள்ளை மை தடவாதீர்கள், பிளேடால் சுரண்டாதீர்கள். குடும்பத்தில் இன்னார் அறியாமல் எழுதியது என்று மனுவிலேயே முதலில் சொல்லிவிடுங்கள். நாம் சொல்லித் தெரிவதற்கும் அவர்கள் கண்டுபிடித்துத் தெரிவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பையனுக்கும் அப்படித்தான் டைப் அடித்துக் கொடுத்தேன்.

போரில் இருந்தார், அதனால் எல்லா மெடலும் உண்டு என்று நினைப்பது

1971இல் பட்டாளத்தில் இருந்த எல்லோருக்கும் பூர்வி ஸ்டார் கிடையாது. கிழக்கு முனையில் இருந்தவருக்கு அது. மேற்கு முனையில் இருந்தவருக்குப் பஷ்சிமி ஸ்டார். சங்க்ராம் மெடலின் வட்டம் இன்னும் பெரியது, எல்லை மாநிலங்களின் ஆபரேஷன் பகுதிகளில் பணியில் இருந்தவர்களை அது சேர்த்துக்கொள்ளும். போர் நடந்த அந்த டிசம்பரில் தென்னாட்டில் ஒரு டிப்போவில் இருந்தவருக்கு ஸ்டார் கேட்டு மனு போட்டால் நிராகரிப்புதான் வரும். கார்கிலிலும் இதே பிரிவு உண்டு: சண்டை நடந்த பகுதியில் இருந்தவருக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், அந்த நேரம் வேறு இடங்களில் படை திரட்டலில் இருந்தவருக்கு ஆபரேஷன் விஜய் மெடல்.

சில மெடல்களுக்கு இடமே முக்கியமில்லை, தேதிதான். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவருக்கு இருபத்தைந்தாவது சுதந்திர ஆண்டு மெடல், 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவருக்கு ஐம்பதாவது ஆண்டு மெடல். நீண்ட சேவை மெடல் ஒன்பது, இருபது, முப்பது வருடக் கணக்கு. இவற்றைச் சேர்ந்த தேதியையும் வெளிவந்த தேதியையும் வைத்தே சொல்லிவிடலாம். இதிலிருந்து தொடங்குங்கள்.

சைன்ய சேவா மெடலுக்குப் பெயர் மட்டும் போதாது, மேலே ரிப்பனில் குத்தும் பட்டையான, பகுதியின் பெயர் கொண்ட கிளாஸ்பும் வேண்டும். ஜம்மு காஷ்மீர், நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்), ஹிமாலயா, பெங்கால்-அஸ்ஸாம், அந்தமான் நிக்கோபார் என்று அது மாறும். மெடல் பதிவில் இருக்கிறது, கிளாஸ்ப் மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்றால், கிளாஸ்பைத்தான் கேட்க வேண்டும். 

ஒரே ஒரு நம்பரை எழுதுவது

ஹவில்தாராக இருந்தவர் நாயிப் சுபேதார் ஆனதும் அவருக்கு ஜே.சி. என்று தொடங்கும் புது நம்பர் வரும். அதற்கு முன்னால் வாங்கிய மெடல்களில் பழைய நம்பர்தான் பொறித்திருக்கும். மனுவில் ஜே.சி. நம்பரை மட்டும் எழுதி, பழைய நம்பர் பொறித்த மெடலின் படத்தை இணைத்தால், அது வேறு ஆளுடைய மெடல் போலத் தெரியும். இரண்டு நம்பரையும், எந்தத் தேதியில் மாறியது என்பதையும் எழுதுங்கள். நம்பரின் கடைசியில் வரும் ஒற்றை ஆங்கில எழுத்தையும் விடாதீர்கள். அது அலங்காரமில்லை, நம்பரைச் சரிபார்க்கிற எழுத்து.

பெயரும் அப்படித்தான். பழனி என்ற பெயரில் ழகரத்துக்கு எல் போட்டவர் ஒருவர், இசட்-எச் போட்டவர் ஒருவர். இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில், சில இடங்களில் அப்பா பெயரே முழுசாக. ஆதாரில் இருப்பது போல எழுதாதீர்கள். பட்டாளத்தில் சேர்ந்தபோது எழுதிய எழுத்தை அப்படியே எழுதிவிட்டு, "இப்போது இப்படி வழங்கப்படுகிறது" என்று அடுத்த வரியில் சேருங்கள்.

மெடலைப் புளி போட்டுத் தேய்ப்பது

வேண்டாம். விளிம்பிலும் பின்புறத்திலும் பொறித்த நம்பரும் பேரும்தான் உங்கள் சாட்சி.

தப்பான ஊருக்கு அனுப்புவது

ரெக்கார்ட் ஆபீஸ் படைப்பிரிவுக்கு ஒரு ஊரில் இருக்கும்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வாகனங்களையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத். விமானப்படை டெல்லி, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. டெல்லிக்கு அனுப்பினால் எல்லாம் நடக்கும் என்று நம்பாதீர்கள்.

குரூப் போட்டோவை ஆதாரமாக வைப்பது

எந்த யூனிட்டோடு இருந்தார் என்று தேட உதவும். மெடலுக்கு அது ஆதாரமாகாது.

வெறும் "சேனா மெடல்" என்று எழுதுவது

சேனா மெடலில் வீரத்துக்கானது வேறு, சிறப்பான பணிக்கானது வேறு. மத்திய அரசின் மாதாந்திரப் படி வீரத்துக்கானதற்கு மட்டும்தான். இந்த ஒரு சொல் விட்டுப்போனதால் அலைந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். நல்ல செய்தி ஒன்று: வீர விருதுகள் இந்திய அரசிதழில் வெளியாகும். அந்த அறிவிப்பின் எண்ணையும் தேதியையும் தேடிப்பிடித்து இணைத்தால் வாதமே இல்லை. போர்க்கால ஸ்டார்களும் சேவை மெடல்களும் இப்படி ஆள் பெயர் போட்டு அரசிதழில் வருவதில்லை, அவற்றுக்கு பார்ட் டூ ஆர்டர்தான் வழி. காயம்பட்டவர்களுக்கான பராக்கிரம் பதக்கத்தைக் கேட்பவர்கள் எதிரியின் தாக்குதலில் பட்ட காயம் என்பதைக் காட்டும் ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தேடுங்கள். சாலை விபத்துக் காயத்துக்கு அது கிடையாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் சண்டை போடுவது

பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, "என் தந்தைக்கு ஏன் பதக்கம் தரவில்லை?" என்று கேட்கிறார்கள். அந்தச் சட்டம் கையில் உள்ள ஆவணத்தைக் கொடுக்கச் சொல்கிறது, காரணம் விளக்கச் சொல்லவில்லை, பதிவைத் திருத்தவும் சொல்லவில்லை. "ஷீட் ரோலின் நகல் தேவை, பதக்கங்கள் தொடர்பான பார்ட் டூ ஆர்டர்களின் எண்ணும் தேதியும் தேவை" என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த நகல் வந்த பிறகு திருத்த மனு எழுதுங்கள். கேட்பது மனைவியோ பிள்ளையோ என்றால் உறவுக்கான சான்றையும் முதலிலேயே வையுங்கள்.

"அப்புறம் பார்த்துக்கலாம்"

பென்ஷன் இல்லாமல் வெளிவந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுகிறார்கள். லாங் ரோல் என்ற ஏட்டில் சுருக்கமான வரிகள்தான் மிஞ்சும். 2003இல் வெளிவந்தவர் இந்த வரியை இன்னொரு முறை படிக்கட்டும். பென்ஷன்காரர்களுக்கு அவகாசம் கூடுதல், ஆனால் கூடப் பணியாற்றியவர்களின் ஞாபகத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. எந்த மாதம் எந்த ஊரில் இருந்தோம் என்று அப்பாவோ தாத்தாவோ சொல்லும்போதே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நோட்டில். புத்தகத்தில் அல்ல.

முதலிலேயே தீர்ப்பாயத்துக்குப் போவது

ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் முதலில் மனு போட்டீர்களா, என்ன பதில் வந்தது என்றுதான் அங்கே கேட்பார்கள். நிராகரித்து இறுதிக் கடிதம் வந்தால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கிறது.