மூன்று ஞாயிறு வராதவரை யார் தேடுவது? சபையில் ஜெபச் சங்கிலி தொடங்கும் முறை

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது எங்கள் ஆலயக் கதவும் பூட்டப்பட்டது. அந்த வருஷம் ஏப்ரல் 12-ல் ஈஸ்டர். விடியற்காலையில் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழக்கம் உள்ள ஊர் எங்களுடையது. அன்றைக்கு யாரும் வெளியே வரவில்லை. ஆராதனை செல்போனில் வந்தது. பாட்டும் பிரசங்கமும் வீடு வந்து சேர்ந்தன. பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர் எப்படி இருக்கிறார் என்பது மட்டும் தெரியவில்லை.

ஊரடங்கெல்லாம் முடிந்து ஆலயம் பழையபடி நிறையத் தொடங்கிய பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தனியாக இருக்கிற ஒரு பாட்டி தொடர்ந்து மூன்று ஞாயிறு வரவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். விசாரித்துப் பார்த்தால் எல்லோரும் அப்படியே நினைத்திருக்கிறோம். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால் ஊற்ற வந்தவர் சத்தம் கேட்டுத் தூக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அந்த மூன்று ஞாயிறும் ஆராதனையில் வியாதியஸ்தருக்காக ஜெபித்தோம். அந்த ஜெபத்தில் அவர் பெயர் இல்லை.

அதன்பின் எங்கள் சபையில் நாங்கள் செய்தவற்றை, புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். எங்களுடையது எழுபது குடும்பங்கள் உள்ள சின்ன சபை. பெரிய சபையில் குழுக்களின் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான்.

1. முதலில் குருவானவரிடம் பேசுங்கள்

ஒரு வாலிபர் ஆர்வத்தில் வாட்ஸ்அப் குழு தொடங்கி, அது சபைக்குள் இன்னொரு சபை மாதிரி ஆகிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் வேலை இதுதான். குருவானவர், போதகர், பாஸ்டர், உங்கள் சபையில் எப்படி அழைக்கிறீர்களோ, அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

2. பெயர்ப் பட்டியல்

சபைப் பதிவேட்டில் குடும்பங்களின் பெயர் இருக்கும். அதை அப்படியே நகல் எடுத்தால் போதாது. சந்தா கட்டுகிறவர்கள் அதில் ஒழுங்காக இருப்பார்கள்; படுக்கையில் இருப்பவர், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளை, துபாயில் வேலை பார்க்கிற மருமகன், ஏதோ மனவருத்தத்தில் ஆலயத்துக்கு வராமல் நின்றுபோனவர் எல்லோரும் விட்டுப்போயிருப்பார்கள்.

எங்களுக்கு இதில் பெரிய உதவியாக இருந்தவர் கேரல் ரவுண்ட்ஸ், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போவதை, நடத்துகிற அண்ணன். டிசம்பர் இரவில் எந்தத் தெருவில் தொடங்கி எந்த வீட்டில் முடிப்பது, எந்தச் சந்தில் நம் சபையார் ஒரே ஒரு வீடு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேரல் போகிற வரிசையிலேயே நோட்டில் எழுதினோம். பதிவேட்டில் இல்லாத வீடுகள் இப்படித்தான் கிடைத்தன.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இவற்றை எழுதுங்கள்: போன் எண், அது வாட்ஸ்அப் உள்ள போனா பட்டன் போனா, அவசரத்துக்குக் கூப்பிடப் பக்கத்து வீட்டுக்காரர் யார், வீட்டில் யாராவது இறந்திருந்தால் அந்த நாள். கடைசியாகச் சொன்னது எதற்கு என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன். ரத்த வகையும் கேட்டு எழுதிவைத்தால் ஒருநாள் நிச்சயம் பயன்படும்.

3. தெருவாரியாகப் பிரியுங்கள்

ஆறு முதல் எட்டுக் குடும்பம் ஒரு குழு. அதற்கு மேல் போனால் பொறுப்பாளருக்கு முகம் நினைவில் நிற்காது. தெருவை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரு குழு, வசதியானவர்கள் ஒரு குழு என்று போவதற்கு இடம் கொடுத்துவிட்டால், ஏற்கெனவே உள்ள பிரிவினைக்குச் சபையே வேலி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் இதற்குத்தான் அதிக நேரம் வாக்குவாதம் நடந்தது. கத்தோலிக்கச் சகோதரர்கள் அன்பியம் என்ற பெயரில் பக்கத்து வீடுகளைச் சேர்த்துக் குழுவாக்குகிறார்கள் இல்லையா, அதை முன்மாதிரியாகச் சொல்லித்தான் முடிவுக்கு வந்தோம்.

குழுவுக்கு இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் பார்த்துக்கொள்வார். கணவன் மனைவியாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவராக இருந்தாலும் சரி. நன்றாக ஜெபிக்கத் தெரிந்தவர் என்று தேடவேண்டாம். கடைக்குப் போகிற வழியில் நின்று 'என்ன அக்கா, மூட்டு வலி எப்படி இருக்கு' என்று கேட்கிறவரைத் தேடுங்கள்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், எருசலேம் சபையின் விதவைகளில் ஒரு பகுதியினர் அன்றாட விசாரணையில் விடுபட்டுப்போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்ததும் ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தார்கள். தமிழ் வேதாகமத்தில் அங்கே உள்ள 'விசாரணை' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். கேட்பதும் கவனிப்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இந்த வேலை முழுவதுக்கும் அந்தச் சொல்லே போதும்.

4. ஜெபச் சங்கிலி

அவசரமான ஜெபக் குறிப்பு ஒன்று எல்லோரையும் எட்ட வேண்டும். இதற்கு இரண்டு வழிகளையும் சேர்த்தே வையுங்கள்.

வாட்ஸ்அப் குழு: அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரு வாரத்தில் காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டு செய்திகளும் நிரம்பி, ஆபரேஷன் நடக்கிற ஒருவரின் ஜெபக் குறிப்பு அடியில் போய்விடும். 'ஆமென்' என்று நாற்பது பேர் பதில் போடுவது நல்ல மனதோடுதான், ஆனால் அதனாலும் செய்தி மேலே ஓடிப்போகும். குறிப்பைத் தருகிறவர் குழுப் பொறுப்பாளரிடம் சொல்லட்டும், பொறுப்பாளர் அட்மினுக்குச் சொல்லட்டும்.

போன் சங்கிலி: பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் வழி. முதல் ஆள் இரண்டாம் ஆளைக் கூப்பிடுவார், இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளை. வரிசையைத் தாளில் எழுதி ஒவ்வொருவர் வீட்டிலும் ஒட்டிவையுங்கள். ஒருவர் எடுக்கவில்லை என்றால் அவரைத் தாண்டி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டு, பிறகு அவரையும் முயல வேண்டும். கடைசி ஆள் திரும்ப முதல் ஆளைக் கூப்பிட்டு, தனக்குக் கிடைத்த செய்தியைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் சங்கிலி எங்கும் அறுந்துவிடவில்லை என்பதும், செய்தி வழியில் மாறவில்லை என்பதும் தெரியும். எங்கள் முதல் முயற்சியில் 'கண் ஆபரேஷன்' என்று போன செய்தி 'கண்ணனுக்கு ஆபரேஷன்' என்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒரே வாக்கியம், எழுதிவைத்து வாசிப்பது என்று முடிவு செய்தோம்.

ஜெபக் குறிப்பை எப்படி எழுதுவது? சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்ட பிறகுதான். 'சபையில் சொல்லலாமா? எவ்வளவு சொல்லலாம்?' என்று இரண்டு கேள்வி. வேண்டாம் என்றால் பொறுப்பாளர்கள் இருவர் மட்டும் ஜெபித்தால் போதும்.

தவறான குறிப்பு: 'நம் சபை சகோதரியின் குடும்பத்தில் சமாதானம் இல்லை, கணவர் குடிக்கிறார், ஜெபியுங்கள்.' இது ஜெபத்தின் பெயரில் வந்த ஊர்ப்பேச்சு.

சரியான குறிப்பு: 'நம் சபை அண்ணனுக்கு நாளை காலை 9 மணிக்கு ஆபரேஷன். பயம் நீங்கவும், கூட இருக்கிற அவர் மனைவிக்குப் பெலன் கிடைக்கவும் ஜெபியுங்கள்.' இதில் நேரம் இருக்கிறது, எதற்காக ஜெபிப்பது என்பது இருக்கிறது. நோயின் பெயர் இல்லை, தேவையும் இல்லை. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற வீட்டில் ஒரு நோயின் பெயர் வெளியே போனால் என்ன ஆகும் என்று நமக்கெல்லாம் தெரியும்.

மாதத்தில் ஒரு நாள் மணிக்கணக்குச் சங்கிலி ஜெபமும் வைக்கலாம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொராவியர் என்ற புராட்டஸ்டண்ட் சபைப் பிரிவைச் சேர்ந்த விசுவாசிகள் 1727 ஆகஸ்டில் இருபத்துநான்கு ஆண்களும் இருபத்துநான்கு பெண்களுமாகத் தொடங்கி, ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கிட்டுக்கொண்டு ஜெபித்தார்கள். அது நூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. அதே மொராவியர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஹெர்ன்ஹூட்டில் அதற்கு முன்பு கடுமையான சண்டை சச்சரவுகள் இருந்தன. ஒப்புரவான கையோடுதான் இந்த ஜெபம் தொடங்கியது. மனஸ்தாபம் உள்ள சபைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

தொடங்குகிறவர்கள் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, அரைமணி வீதம் இருபத்துநான்கு பேர் போதும். அவரவர் வீட்டிலேயே இருந்து ஜெபிக்கலாம். முடித்தவர் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். பின்னால் இரவு நேரத்தையும் சேர்க்கும்போது வெளிநாட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். நமக்கு அதிகாலை மூன்று மணி என்றால் கோடைக்காலத்தில் நியூ ஜெர்சியில் முந்தைய நாள் மாலை ஐந்தரை. தூரத்தில் இருந்துகொண்டு சபைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று கேட்டுப் பாருங்கள்.

5. ஜெபித்த பின் வீட்டுக்குப் போங்கள்

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் போனால் போதும், பத்து நிமிடம் இருந்தால் போதும். சின்னதாக ஒரு ஜெபம், தாழ்ந்த குரலில். பக்கத்துக் கட்டிலிலும் நோயாளி இருக்கிறார். அதே வியாதியில் இறந்துபோனவர்களின் கதையைச் சொல்லாதீர்கள். மருந்து சிபாரிசு வேண்டாம். 'விசுவாசம் குறைவாக இருக்கு, அதனாலதான்' என்று சொல்கிறவரை இந்தப் பணிக்கு அனுப்பவே வேண்டாம். படுத்திருக்கிறவர் மேல் இன்னொரு பாரத்தைத் தூக்கி வைக்கிற பேச்சு அது.

நோயாளியைவிடக் கூட இருப்பவருக்குத்தான் உதவி அதிகம் தேவைப்படும். மூன்று நாளாகக் குளிக்காமல், கேன்டீன் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'என்ன உதவி வேண்டும்' என்று கேட்டால் 'ஒன்றும் வேண்டாம்' என்றுதான் சொல்வார். அதனால் இப்படிக் கேளுங்கள்: 'இன்னைக்கு ராத்திரி நான் இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வாங்க.' 'நாளைக்கு மதியம் சாப்பாடு நான் கொண்டு வர்றேன், ரசமா மோரா?' பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது, ஆட்டோவுக்குக் கொடுப்பது, தண்ணீர் மோட்டார் போட்டுவிடுவது எல்லாம் இதில் சேரும்.

துக்க வீட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். அடக்க ஆராதனைக்கு நாம் எல்லோரும் போகிறோம். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். அதற்கப்புறம் ஒரு நாள் வந்தவர்கள் எல்லாம் போய், நாற்காலிகளும் திரும்பிப் போய், வீடு அமைதியாகிவிடும். உண்மையான துக்கம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அதற்காகத்தான் நோட்டில் இறந்த நாளை எழுதச் சொன்னேன். அடக்கம் முடிந்த அன்றே பொறுப்பாளர் காலண்டரில் நான்கு நாட்களைக் குறித்துக்கொள்ளட்டும்: முப்பதாம் நாள், மூன்றாம் மாதம், அந்த வீட்டின் முதல் கிறிஸ்துமஸ், முதல் வருஷ நினைவு நாள். அந்த நாட்களில் ஒருவர் போய் உட்கார வேண்டும். பேச வேண்டியதுகூட இல்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள்; அந்தப் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று அந்த வீடு காத்துக்கொண்டிருக்கும்.

பண உதவிக்குத் தனியாக ஒரு சிறு நிதி வையுங்கள். பிடியரிசிக் காணிக்கை வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைப்பது எந்த வீட்டுக்கும் முடிகிற காரியம். கொடுப்பதற்கு இரண்டு பேர் கையெழுத்து, கணக்குக் குருவானவரிடம், வாங்கியவர் பெயர் அந்த மூவரைத் தாண்டக் கூடாது. போட்டோ எடுக்கவே கூடாது.

6. திரும்பக் கேளுங்கள்

பெரும்பாலான ஜெபக் குழுக்கள் நின்றுபோவது இந்த இடத்தில்தான். குறிப்பு வரும், ஜெபிப்பார்கள், அடுத்த குறிப்பு வந்துவிடும். முந்தையது என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தேதி, குறிப்பு, பிறகு என்ன ஆயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் பொறுப்பாளர் மூன்றாம் பத்தி காலியாக உள்ளவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். 'ஜெபிச்சோம், இப்போ எப்படி இருக்கீங்க?' அவ்வளவுதான் கேள்வி. சுகமானால் ஸ்தோத்திரம் என்று எழுதுங்கள், ஞாயிறு ஆராதனையில் சொல்லுங்கள். நாம் கேட்டபடி நடக்காதபோதும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுதிய வரிகளும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களை நாங்கள் மறைப்பதில்லை.

அதே சனிக்கிழமை இன்னொரு வேலை: போன ஞாயிறு தன் குழுவில் யார் வரவில்லை என்று பார்ப்பது. ஒரு ஞாயிறு வராதவருக்கு ஒரு போன். இரண்டாம் ஞாயிறும் வராவிட்டால் நேரில். மூன்றாம் ஞாயிறு வரை விடுவதில்லை.

அந்தப் பாட்டி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். ஆலயத்துக்கு மாதம் ஒருமுறைதான் வர முடிகிறது. பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், அதனால் எங்கள் குழுவின் போன் சங்கிலியில் கடைசிப் பெயர் அவருடையது. முதல் பெயர் என்னுடையது. குறிப்பு போன அரைமணி நேரத்தில் என் போன் அடிக்கும். எடுத்தால் முதலில் செய்தியை வரி பிசகாமல் ஒப்பிப்பார். அப்புறம், 'சரி, நீ சாப்பிட்டியாம்மா?' என்பார்.