நான்கு பேர், இரண்டு பகடை: கற்பனை உலக விளையாட்டுக்குப் பாத்திர வகைகளை அமைப்பது எப்படி?

எங்கள் வீடு கம்பத்தில். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து பேர் கூடத்தில் உட்காருவோம். குமுளியிலிருந்து வரும் சேட்டன் ஒருவர் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். அன்றுதான் அவருக்கு ஓய்வு. என் தங்கை, பக்கத்து வீட்டுக் கல்லூரித் தம்பி, பள்ளித் தோழன் ஒருவன், பிறகு நான். கதையை நடத்துவது என் வேலை.

இந்த விளையாட்டுக்குப் பலகை வேண்டாம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள். முடிவு என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் பகடை உருளும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தபோது அதில் போர்வீரன், மந்திரவாதி, பூசாரி என மூன்றே வகைகள் இருந்தன. திருடன் அடுத்த ஆண்டுதான் சேர்ந்தான்.

நாங்கள் எங்கள் மலைப்பாதையை வைத்தே ஓர் உலகத்தையும் நான்கு வகைகளையும் எழுதினோம். முதல் ஆட்டத்தில் மாந்திரீகர் எல்லாவற்றையும் எரித்துவிட்டார். வைத்தியராக ஆடிய என் தங்கை மூன்று மணி நேரமும் மற்றவர்களின் காயத்துக்கு மருந்து போட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஆட்டம் முடிந்ததும், “அடுத்த வாரம் நான் டீ போட்டுத் தருகிறேன், நீங்கள் ஆடுங்கள்” என்றாள். அது என்னை மிகவும் வருத்தியது. அதன்பின் நான் கற்றுக்கொண்டதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: ஒவ்வொரு வகைக்கும் ஒரு வாக்கியம்

எண்களைத் தொடாதீர்கள். “இவர் இல்லாவிட்டால் எது நடக்காது?” என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். எங்கள் தாளில் இருப்பது இது. காவலர் மற்றவர்மேல் விழும் அடியைத் தான் வாங்குவார். மாந்திரீகர் ஒரு நாளில் இரண்டு முறை நடக்கவே நடக்காததை நடத்துவார். வைத்தியர் விழுந்தவரை எழுப்புவார். வழிகாட்டி காட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அறிவார்.

இரண்டு வகைகளின் வாக்கியம் ஒன்றுபோல வந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். முதலில் எங்களிடம் வேட்டைக்காரர் என்று ஐந்தாவது வகை இருந்தது. அவர் வழிகாட்டியின் வேலையை வில்லோடு செய்தார், அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. ஒருவருக்கு உரிய திறமை என்பதற்காக மற்றவர்கள் அதை முயலவே கூடாது என்று எழுதாதீர்கள். தடம் பார்க்க யார் வேண்டுமானாலும் பகடை உருட்டட்டும்; வழிகாட்டிக்கு மட்டும் உருட்டாமலே விடை கிடைக்கட்டும். அப்போது அவர் ஒருநாள் வராவிட்டாலும் கதை நின்றுபோகாது.

இரண்டாம் படி: பகடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இத்தகைய விளையாட்டுகளில் பலரும் உருட்டும் இருபது முகப் பகடை எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. லூடோ பெட்டியிலிருந்து இரண்டு ஆறுமுகப் பகடைகளை எடுத்தோம். இரண்டையும் உருட்டிக் கூட்டினால் 36 வழிகள் உண்டு. 8 அல்லது அதற்கு மேல் விழ 15 வழிகள், அதாவது சுமார் 42 விழுக்காடு. 7 அல்லது அதற்கு மேல் விழ 21 வழிகள், 58 விழுக்காடு. 9 அல்லது அதற்கு மேல் விழ 10 வழிகள், 28 விழுக்காடு. 11 அல்லது அதற்கு மேல் விழ வெறும் 3.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பாத்திரத்துக்கு ‘+1’ (விழுந்த எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம்) என்று எழுதுவது ஆபத்து. இருபது முகப் பகடையில் ஒரு புள்ளி கூடினால் வாய்ப்பு எப்போதும் 5 விழுக்காடுதான் உயரும். இரண்டு பகடைக் கூட்டலில் அப்படியில்லை. 8 தேவைப்படும் இடத்தில் +1 கிடைத்தால் வாய்ப்பு 42-இலிருந்து 58-க்குத் தாவுகிறது. ஒருவருக்கு +3 கொடுத்தால் அவர் 36-இல் 30 முறை வென்றுவிடுவார். தொடக்கத்தில் யாருக்கும் +1-க்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் படி: ஒரு சண்டையை அல்ல, ஒரு நாளை எண்ணுங்கள்

இந்தப் படியைத்தான் நான் முதலில் தவறவிட்டேன். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிரியைத் தொட 8 வேண்டும் என்று வையுங்கள். காவலருக்கு +1 உண்டு, ஆகவே 7 போதும். அவர் வாள் ஒரு பகடையோடு 1 சேர்த்துச் சேதம் செய்யும். ஒரு பகடையின் சராசரி 3.5, ஆக 4.5. அதை 36-இல் 21 என்ற வாய்ப்பால் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு, அதாவது எல்லோரும் ஆளுக்கொரு முறை செயல்படும் நேரத்துக்கு, சராசரி 2.6. நான்கு சுற்றுச் சண்டையில் 10.5.

மாந்திரீகரின் நெருப்பு தவறவே தவறாது. இரண்டு பகடைச் சேதம், சராசரி 7. நாளுக்கு இரண்டு முறை. மற்ற நேரம் கத்தி: 36-இல் 15 முறை 3.5, அதாவது சுற்றுக்குச் சுமார் 1.5. ஒரே ஒரு நான்கு சுற்றுச் சண்டையென்றால் நெருப்பு 14, கத்தி 3, மொத்தம் 17. காவலர் 10.5-இல் நிற்கிறார்.

அதே நாளில் மூன்று சண்டைகள், பன்னிரண்டு சுற்றுகள் என்று வையுங்கள். காவலர் 31.5. மாந்திரீகர் நெருப்பில் 14, பத்துச் சுற்றுக் கத்தியில் ஏறக்குறைய 14.6, ஆக 28.6. இப்போது இருவரும் அருகருகே வந்துவிட்டார்கள். பாத்திரங்களின் எண்களில் ஒன்றைக்கூட நாம் மாற்றவில்லை. நாளின் நீளம் மட்டும் மாறியது.

எங்கள் ஆட்டத்தில் நடந்தது இதுதான். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் நால்வரும் மரத்தடியில் படுத்துத் தூங்கினார்கள். தூங்கினால் மந்திரம் திரும்பும் என்று நான்தான் எழுதியிருந்தேன். மாந்திரீகருக்கு ஒவ்வொரு சண்டையும் புதிய நாளாகிவிட்டது. மந்திரத்தின் சேதத்தைக் குறைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதைச் செய்திருந்தால் தம்பி ஆசைப்பட்டு எடுத்த பாத்திரம் சவசவத்துப் போயிருக்கும். பதிலாக ஓய்வு விதியை மாற்றினேன்: “சத்திரத்தில் விளக்கேற்றித் தூங்கினால் மட்டுமே மந்திரம் திரும்பும்.” எங்கள் வரைபடத்தில் அடிவாரத்தில் ஒரு சத்திரம், கணவாய் உச்சியில் ஒரு சத்திரம். இடையில் குறைந்தது மூன்று ஆபத்துகள். இரண்டாவது நெருப்பை இப்போதே விடலாமா, உச்சி வரை தாங்குமா என்று தம்பி பகடையைக் கையில் உருட்டியபடி யோசித்த அந்த அரை நிமிடம் கூடமே அமைதியாக இருந்தது. அந்தப் பாத்திரத்துக்கு உயிர் வந்தது அப்போதுதான்.

பலரை ஒரே நேரத்தில் தாக்கும் மந்திரம் இருந்தால் அதன் சேதத்தைக் குறைந்தது இரண்டால் பெருக்கிக் கணக்கில் வையுங்கள். கூட்டமாக வரும் எதிரிகள்மேல் 7 என்பது 14-ஆகவும் 21-ஆகவும் மாறும்.

நான்காம் படி: வைத்தியருக்கு வேறு வேலையும் கொடுங்கள்

சாதாரண எதிரி ஒருவரின் தாக்குதலும் மாந்திரீகரின் கத்தியைப் போலவே சுற்றுக்குச் சராசரியாக 1.5 சேதம் என்று வையுங்கள். வைத்தியர் ஒவ்வொரு சுற்றும் ஒரு பகடை அளவு, அதாவது 3.5, குணப்படுத்தினால் இரண்டு எதிரிகளின் உழைப்பை அவர் ஒருவரே அழித்துவிடுகிறார். சண்டை முடியாமல் இழுக்கும். அவர் வேறெதுவும் செய்யாமலிருப்பதே குழுவுக்கு லாபம் என்பதால் மற்றவர்கள் அவரை அசையவும் விடமாட்டார்கள். என் தங்கைக்கு நேர்ந்தது அதுதான்.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். கஷாயம் நாளுக்கு மூன்று குப்பி மட்டுமே. குப்பியைக் கொடுப்பது அவருடைய சுற்றைத் தின்னாது. கொடுத்துவிட்டு அவர் தாக்கலாம், ஓடலாம், பேசலாம். கூடவே, தொட்டுப் பார்த்த எந்த உயிரின் பலவீனத்தையும் அறியும் திறமையைச் சேர்த்தோம். அடுத்த ஆட்டத்தில் காயம்பட்ட காட்டெருமை ஒன்றை அவள் கொல்லாமல் குணப்படுத்தி, அதன் பின்னாலேயே எல்லோரையும் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனாள். அப்படி ஒரு வழி இருப்பது எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு அவள் டீ பற்றிப் பேசவில்லை.

ஐந்தாம் படி: விதியைக் காதுக்கு எழுதுங்கள்

சேட்டன் தமிழ் நன்றாகப் பேசுவார். எழுத்துக் கூட்டிப் படிப்பது கடினம். அதனால் விதிகளை நான் உரக்கப் படிப்பேன். அவர் ஆடும் காவலருக்கு ‘அவசரத் தாக்குதல்’ என்று ஒன்று எழுதியிருந்தேன்: −1 ஏற்றுக்கொண்டால் ஒரே சுற்றில் இரண்டு முறை வெட்டலாம். அவரோ எதிரி முதுகைக் காட்டும் வரை காத்துக்கொண்டே இருந்தார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. வாய்ப்புக் கிடைக்கும்போது வெட்டும் தாக்குதல் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லையோர ஊரில் விதி எழுதுபவருக்கு இது பெரிய பாடம். பெயரை ‘இரட்டை வெட்டு’ என்று மாற்றினேன்.

மாற்றும்போது கணக்கையும் பார்த்தேன். −1 என்றால் அவர் +1 போய் 8 தேவை: 15/36 × 4.5 × 2 = 3.75. சாதாரண வெட்டின் 2.6-ஐ விட மிக அதிகம். அப்படியிருந்தால் யாரும் சாதாரணமாக வெட்டமாட்டார்கள். −2 என்றால் 9 தேவை: 10/36 × 4.5 × 2 = 2.5. ஏறக்குறைய சமம். இப்போது அது உண்மையான தேர்வு: இரண்டு பலவீனமான எதிரிகள் நின்றால் இரட்டை வெட்டு, ஒரு பெரிய எதிரி என்றால் ஒற்றை வெட்டு.

எப்போது, யார்மேல், என்ன, எத்தனை முறை என்ற நான்கும் ஒவ்வொரு விதியிலும் இருக்க வேண்டும். “அருகில் இருப்பவரைக் காக்கலாம்” என்பது போதாது. “கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவர்மேல் விழும் அடியை, சுற்றுக்கு ஒருமுறை, காவலர் தன்மேல் வாங்கலாம்” என்று எழுதுங்கள்.

ஆறாம் படி: ஆடிப் பார்த்துக் கோடு போடுங்கள்

முதலில் தனியாக, இரண்டு பக்கமும் நீங்களே ஆடி மூன்று சண்டைகள் நடத்துங்கள். அப்பட்டமான தவறுகள் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு நண்பர்களோடு.

ஆடும்போது நோட்டின் ஓரத்தில் நான்கு பெயர்களை எழுதி, கதை ஒருவரின் செயலால் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். சேதத்தை எண்ண வேண்டாம். எங்கள் முதல் ஆட்டத்தில் மாந்திரீகருக்குப் பதினொன்று, வைத்தியருக்குப் பூஜ்யம். நான்காவது ஆட்டத்தில் ஆறு, ஐந்து, ஐந்து, நான்கு. சரிசமமாக வர வேண்டியதில்லை. பூஜ்யம் மட்டும் வரக்கூடாது. ஒரு வாரத்தில் ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

இப்போது ஒரு புதிய விதியைச் சோதிக்கிறோம். எங்களுக்கு மேலே மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டுமே பக்தர்களுக்குத் திறக்கும். பளியன்குடி வழியாக நடந்து ஏறுவோம். எங்கள் உலகத்திலும் அப்படி ஓர் இரவு உண்டு. அந்த இரவில் மாந்திரீகரின் நெருப்புக்கு அளவில்லை என்று எழுதிப் பார்த்தேன். பழைய கதைதான் திரும்பியது. தங்கை தாளை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, “அந்த இரவில் நால்வரும் ஆளுக்கு ஒருமுறை, தன் வகையால் முடியாத ஒன்றைச் செய்யலாம்” என்று எழுதினாள். வருகிற ஞாயிறு அதை ஆடப்போகிறோம்.